பத்தாம் வகுப்பு வரிசையில் நிற்கிறது

எனக்கு மூக்கு நுனியில் கோபம் என்று என் குடும்பத்தில் சொல்வார்கள். மூக்கு என்னுடையது, அதன் நுனியில் எதை வைத்துக்கொள்வது என்பதை நான் பார்த்துக்கொள்கிறேன். ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை காலை பத்து ஐம்பதுக்கு அக்கா வீட்டுக்குள் நுழைந்தபோது நான் கோபத்தோடுதான் நுழைந்தேன், அதை மறைக்கவில்லை. வாரத்தில் ஆறு நாள் ஒரு பேருந்து நிறுவனத்தின் கணினிகளைக் கட்டி மேய்க்கிறவளுக்கு ஏழாவது நாள் ஈரத் தலையோடு சும்மா உட்கார்ந்திருக்க உரிமை உண்டு. அக்கா போனில் பேசிய குரல்தான் என்னை அப்படியே ஈரத் தலையோடு கிளப்பிவிட்டது.

"ஸ்கிரீன் செத்துப் போச்சுடி. டைம்டேபிள் உள்ள மாட்டிக்கிச்சு. நீ வா," என்றாள். அப்புறம் மூக்கை உறிஞ்சினாள்.

அக்கா கணக்கு டீச்சர். அவள் பள்ளியில் ஒன்பது வருடமாக இயற்பியல் வாத்தியார்தான் கால அட்டவணை போட்டுவந்தார். ஒன்பது வருடமும் எட்டு சி வகுப்பின் கடைசி பீரியடை, திங்கள் முதல் வெள்ளிவரை, அக்கா தலையில்தான் கட்டினார். எட்டு சி என்பது நாற்பத்தாறு பிள்ளைகள். சாயங்காலம் மூன்று மணிக்கு மேல் அவர்களை உட்கார வைக்கவே ஒரு ஆளுக்குத் தொண்டை போய்விடும். வீடு திரும்பினால் ஏழு மணிவரை அக்கா சைகையில்தான் பேசுவாள். இந்த வருடம்தான் தலைமையாசிரியை மனம் இரங்கி, "சரி, நீங்க ஒண்ணு போட்டுக் குடுங்க. ஞாயித்துக்கிழமை பன்னண்டு மணிக்குள்ள எனக்கு மெயில் வரணும். வரலைன்னா சார் போட்டதே இருக்கட்டும்," என்று சொல்லியிருந்தார்.

மூன்று வாரம் அக்கா படுக்கையறைத் தரையில் குடியிருந்தாள். முப்பத்தோரு வகுப்பு, நாற்பத்திரண்டு ஆசிரியர்கள். ஒவ்வொரு பீரியடுக்கும் ஒரு துண்டுச் சீட்டு. தரை முழுக்கச் சீட்டைப் பரப்பி, ஒன்றை நகர்த்தினால் ஏழு இடிக்கும், ஏழை நகர்த்தினால் நாற்பது இடிக்கும். அத்தான் மூன்று வாரமும் கூடத்தில் படுத்தார். சனிக்கிழமை ராத்திரி ஒருவழியாக எல்லாம் பொருந்தி உட்கார்ந்தது. ஞாயிறு காலை ஆறு மணிக்கு அதைப் பார்த்துப் பார்த்துத் தட்டத் தொடங்கினாள். அவளுடைய மடிக்கணினி ரிப்பேருக்குப் போயிருந்ததால், தட்டியது அத்தானின் கணினியில். எல்லா வினையும் அங்கேதான் ஆரம்பித்தது.

அத்தான் கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிறவர். வருகிறவர்களுக்கெல்லாம் கடைசி வரி எழுத்துவரை தெளிவாகத் தெரிய வேண்டும் என்று பகல் முழுக்கப் பாடுபடுவார். வீட்டுக்கு வந்தால் தன் கணினியில் ஒரு எழுத்தும் யாருக்கும் தெரியாதபடி பார்த்துக்கொள்வார். அவர் வைத்திருப்பது நாலு பேர்கூடப் பயன்படுத்தாத ஏதோ ஒரு பழைய யூனிக்ஸ் இயங்குதளம். அதில் அவருக்கு டெர்மினல் மட்டும்தான் உலகம். டெர்மினல் என்றால் வேறொன்றுமில்லை. படம், பட்டன் எதுவும் கிடையாது, எழுத்து மட்டும் உள்ள ஒரு பெட்டி. நாம் தட்டினால் அது பதில் சொல்லும். அந்தப் பெட்டியை அவர் பதினொரு மாதமாக அலங்கரித்துக்கொண்டிருக்கிறார். அதில் உருப்படியாக ஒரு வேலை செய்து நான் பார்த்ததில்லை.

அலங்காரம் என்றால் ஏதோ சேர்ப்பார் என்று நினைக்க வேண்டாம், எடுப்பார். மேலே தலைப்புப் பட்டை கவனத்தைக் கலைக்கிறது என்று எடுத்தார். ஓரத்தில் இருந்த நகர்த்தும் பட்டையை எடுத்தார். கர்சர் மினுக்குவது யாரோ கண்ணடிக்கிற மாதிரி இருக்கிறது என்று அதை மினுக்காமல் நிறுத்தினார். ஏதாவது தவறு நடந்தால் 'டிங்' என்று ஒரு மணி அடிக்கும், அதன் வாயையும் அடைத்தார். எழுதுகிற எடிட்டர் பாதுகாப்புக்காகத் தானே ஒரு நகல் வைத்துக்கொள்ளும். ஃபோல்டரில் குப்பை சேருகிறது என்று அதையும் நிறுத்தினார். பெட்டியைக் கண்ணாடி மாதிரி ஆக்கி, பின்னால் ஒரு அருவிப் படத்தைப் போட்டு, அதன் மேல் எழுத்தைச் சாம்பல் நிறத்தில் ஓடவிட்டார். அருவியில் நனைந்த சாம்பலை எவள் படிப்பாள்? அக்காவுக்குப் பத்து நிமிடத்தில் தலைவலி வந்துவிட்டது. அதனால் அவள் திரையையே பார்க்காமல், தரையில் இருந்த சீட்டை மட்டும் பார்த்துத் தட்டியிருக்கிறாள்.

நான் போனபோது கணினி மேசையைச் சுற்றி நாலு பேர் நின்றார்கள். அக்கா. அத்தான். அத்தானின் அம்மா, அதாவது அத்தை. தொலைபேசி நிலையத்தில் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவர், இன்னும் யாரைப் பார்த்தாலும் லைனைத் துண்டிக்கிற தோரணையில்தான் பேசுவார். நாலாவது ஆள், கையில் ஸ்பேனரோடு ஒரு பிளம்பர். சமையலறைக் குழாயைச் சரிபார்க்க வந்தவராம்.

"மேடம், எங்கயோ அடைச்சிருக்கு," என்றார் பிளம்பர், திரையைக் காட்டி.

"நீங்க குழாயைப் பாருங்க," என்றேன்.

"குழாயும் அடைச்சுதான் இருக்கு."

திரையில் ஒன்பதாம் வகுப்பு டி பிரிவின் வெள்ளிக்கிழமை பாதியில் நின்றிருந்தது. அருவி மட்டும் தெளிவாகத் தெரிந்தது. நான் அக்காவிடம் கேட்டேன்: "எப்ப நின்னுச்சு?"

"அது தெரியலையே. நான் எங்க பாத்தேன்? ஒம்பது பத்துக்கு லைட் ஒரு தடவை மினுக்குச்சு. கரண்ட் போயிடுமோன்னு பயமாயிடுச்சு. உடனே சேவ் பண்ணேன். அப்புறம் பத்தாம் வகுப்பு நாலு செக்ஷனும் அடிச்சேன். ஒம்பது அம்பதுக்கு முடிஞ்சுது, மறுபடி சேவ் பண்ணேன், குளிக்கப் போனேன்."

"எப்படி சேவ் பண்ண?"

"எல்லாரும் பண்ற மாதிரிதான். கன்ட்ரோல் எஸ்."

எனக்குப் புரிந்துவிட்டது. உலகத்தில் மற்ற எல்லா இடத்திலும் கன்ட்ரோல் எஸ் என்றால் சேமி. இந்தப் பாழாய்ப்போன பெட்டியில் மட்டும் அதற்கு 'நிறுத்து, இனி எதையும் காட்டாதே' என்று பொருள். அந்தக் காலத்தில் காகிதத்தில் அச்சடித்துக் காட்டிய இயந்திரங்களுக்காக யாரோ வைத்தது, இன்னும் யாரும் எடுக்கவில்லை. எடுப்பதையே பிழைப்பாக வைத்திருந்த அத்தான் இதை மட்டும் எடுக்கவில்லை. கர்சர் மினுக்கியிருந்தால், அது நகராமல் ஒரே இடத்தில் நிற்பது ஓரக்கண்ணிலாவது அக்காவுக்குப் பட்டிருக்கும்.

விடுவிக்க ஒரு விசை போதும், கன்ட்ரோல் க்யூ. என் விரல் அந்தப் பக்கம் போனது. போன விரலை மடக்கி, அக்குளில் வைத்துக்கொண்டேன்.

காரணம் இருக்கிறது. இந்தப் பெட்டி நின்றிருக்கும்போது நாம் தட்டுவது எதுவும் காணாமல் போவதில்லை. ஒவ்வொரு எழுத்தும் உள்ளே வரிசையில் நிற்கும். விடுவித்த நொடியில் வரிசை மொத்தமும் ஒன்றன்பின் ஒன்றாக உள்ளே பாயும். எங்கள் அலுவலகத்தில் ஒருமுறை ஒரு குமாஸ்தாவுக்குத் திரை இப்படி நின்றுபோய், ஆத்திரத்தில் கைக்கு வந்ததையெல்லாம் தட்டிவிட்டுச் சாப்பிடப் போனார். நான் வந்து கன்ட்ரோல் க்யூ அமுக்கினேன். பதினேழாம் எண் வழித்தடம் முழுவதும் என் கண்ணெதிரே ரத்தானது. மக்கள் மூன்று மணி நேரம் நிறுத்தத்தில் நின்று என்னைத் திட்டினார்கள், ஆள் யாரென்று தெரியாமலேயே.

"யாரும் எதையும் தொடாதீங்க," என்றேன். "பத்தாம் வகுப்பு உள்ள வரிசையில நிக்குது. அது பின்னாடி வேற யார் யார் நிக்குறாங்கன்னு எனக்குத் தெரியணும். ஒம்பது அம்பதுக்கு மேல இந்தக் கீபோர்டைத் தொட்டது யாரு?"

யாருமே தொடவில்லையாம். நாலு பேரும் நாலு திசையைப் பார்த்தார்கள்.

"பேப்பர்ச் சீட்டு இருக்குல்ல?" என்று அக்காவிடம் கேட்டேன். "மோசமாப் போனா அதைப் பாத்துத் திரும்ப அடிச்சுக்கலாம்."

அக்காவின் முகத்தில் ஈயாடவில்லை. அத்தைதான் பதில் சொன்னார்: "முடிஞ்சுதுன்னு இவதானம்மா சொன்னா. குழாய்க்காரர் நடந்து போகணும். நான் பெருக்கி எடுத்துட்டேன். ஒண்ணும் தூக்கிப் போடலை, எல்லாம் பத்திரமா இருக்கு." ஒரு பிளாஸ்டிக் பையைத் தூக்கிக் காட்டினார். உள்ளே ஆயிரத்துச் சொச்சம் சீட்டு, குலுக்கல் போட்டிக்குத் தயாராக இருந்தது.

அக்கா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அழுதாள். எனக்கு அவளைப் பார்க்க ஆற்றாமையாக இருந்தது. ஒன்பது வருடத்தில் அவள் வாய்விட்டு ஒன்றும் கேட்டதில்லை. இந்த ஒன்றைத்தான் கேட்டாள்.

ஆக, மூன்று வார உழைப்பும் இப்போது இந்தப் பெட்டிக்குள் மட்டும்தான் இருந்தது. ஒன்பதாம் வகுப்புவரை எடிட்டரின் நினைவில், சேமிக்கப்படாமல். பத்தாம் வகுப்பு வரிசையில். மணி பதினொன்று ஆகியிருந்தது. நான் நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்து விசாரணையைத் தொடங்கினேன்.

முதலில் பிளம்பர். "நீங்க என்ன அமுக்குனீங்க?"

"என்ட்டர் மட்டுந்தான் மேடம். நாலு தடவை. இந்த அம்மா குளிச்சுட்டு வந்து, அடிச்சது ஸ்கிரீன்ல காணோமேன்னு ஓன்னு கத்துனாங்க. ஓடி வந்து பாத்தேன். நின்னு போனா என்ட்டர் அமுக்குறதுதானே வழக்கம்."

"அது எப்ப?"

"பத்து அஞ்சு. அப்பத்தான் மெயின் வால்வை மூடினேன்."

நாலு என்ட்டர் என்றால் நாலு வெற்று வரி. பாதகமில்லை. குறித்துக்கொண்டேன். அடுத்தது அத்தை.

"நான் எதையும் அமுக்கலை," என்றார் அத்தை. "தேய்ச்ச துணியெல்லாம் கூடையில இருந்துச்சு. குழாய்க்காரர் வந்து தரையெல்லாம் ஈரம். எங்க வைப்பேன்? இது மேல வெச்சேன்."

"எது மேல?"

"இந்த அட்டை மேல." கீபோர்டைக் காட்டினார். "சும்மாதானே கெடந்துச்சு. பத்து நிமிஷம் இருந்திருக்கும். அப்புறம் உங்க அத்தான் வந்து, ஐயோ என் கீபோர்டுன்னு கூடையைத் தூக்கித் தரையில வெச்சான். ரெண்டு சட்டை ஈரமாயிடுச்சு, அதை யாரு கேக்குறா?"

கடைசியில் அத்தான். மூலையில் நின்று கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். தெளிவாகத் துடைத்த கண்ணாடியை மறுபடி துடைத்தார்.

"நீங்க என்ன தட்டுனீங்க அத்தான்?"

"நான் பாத்தேன். அவ்வளவுதான். டயக்னோஸ் பண்ணேன்."

"கடகடன்னு சத்தம் கேட்டுச்சே சார்," என்றார் பிளம்பர். "சிங்க்குக்கு அடியில இருந்த எனக்கே கேட்டுச்சு."

அத்தான் பிளம்பரைப் பார்த்த பார்வையில் ஸ்பேனரே உருகியிருக்கும். நான் அவரை நேராகப் பார்த்து, பூசி மெழுகாமல் சொல்லச் சொன்னேன். இல்லாவிட்டால் அக்காவின் ஒரு வருடம் போய்விடும் என்றேன். அவர் அக்காவைப் பார்த்தார். அப்புறம் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"எஸ்கேப். முக்காற்புள்ளி. க்யூ. ஆச்சரியக்குறி. என்ட்டர்."

அந்த எடிட்டரின் மொழியில் அந்த ஐந்து விசைக்கும் சேர்த்து ஒரே அர்த்தம்தான்: சேமிக்காதே, கேட்காதே, மூடு.

"எதுக்கு?"

"ஹேங் ஆயிடுச்சுன்னு நெனச்சேன். மூடித் திறந்தா சரியாயிடும்னு. இவ சேவ் பண்ணிட்டேன்னுதானே சொன்னா."

"ஒரு தடவையா?"

"மூடலையேன்னு..." அத்தான் மறுபடி கண்ணாடியைத் துடைத்தார். "பதினோரு தடவை."

அக்கா அழுகையை நிறுத்திவிட்டு அவரை நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பார்வைக்கு அவர் இரண்டடி பின்னால் போனார். அங்கே அத்தை நின்றிருந்தார். "படிச்சவன் பண்ற வேலையாடா இது?" என்று தன் பங்குக்கு முதுகில் ஒன்று வைத்தார்.

நான் நிலைமையை எடுத்துச் சொன்னேன். வரிசையில் முதலில் பத்தாம் வகுப்பு நிற்கிறது. அப்புறம் நாலு என்ட்டர். அப்புறம் கூடை. அப்புறம் அத்தானின் பதினோரு மூடுவிழா. விடுவித்தால் பத்தாம் வகுப்பு அழகாக உள்ளே போகும், ஒரு நொடி கழித்து எல்லாமே மூடிக்கொண்டு போய்விடும். இன்னொரு வழி, வேறொரு டெர்மினலைத் திறந்து வரிசையை அப்படியே கொட்டிவிடுவது. ஒன்பதாம் வகுப்புவரை பிழைக்கும். பத்தாம் வகுப்பு போகும்.

"பத்தாம் வகுப்பைப் பையில இருந்து பொறுக்கி அடுக்க எவ்வளவு நேரமாகும்?" என்று கேட்டேன்.

"நாலு நாள் ஆச்சு எனக்கு," என்றாள் அக்கா.

கைவசம் ஐம்பது நிமிடம் இருந்தது. பிளம்பர் தலையைச் சொறிந்தார். "மேடம், ஒரு சந்தேகம். அந்த வரிசை எவ்வளவு கொள்ளும்?"

"என்ன?"

"இல்ல, எந்தக் குழாயா இருந்தாலும் ஒரு கொள்ளளவு இருக்கும்ல. ரொம்பிடுச்சுன்னா அதுக்கு மேல ஊத்துறது வெளியதானே போகும்?"

நான் எழுந்து நின்றுவிட்டேன். பதினைந்து வருடமாக இதில் சோறு தின்கிறவள் நான், இந்தக் கேள்வி ஸ்பேனர் பிடித்த கையிலிருந்து வருகிறது. இந்தப் பழைய யூனிக்ஸில் வரிசை நாலாயிரத்துச் சொச்சம் எழுத்து கொள்ளும். நிறைந்துவிட்டால், அதற்கு மேல் தட்டும் ஒவ்வொரு எழுத்தையும் தூர எறிந்துவிட்டு 'டிங்' என்று மணி அடிக்கும். மணியின் வாயைத்தான் அத்தான் அடைத்து வைத்திருந்தாரே. பத்தாம் வகுப்பு ஆயிரத்து ஐந்நூறு எழுத்து இருக்கலாம். ஒரு விசை அமுங்கியே கிடந்தால் நொடிக்கு முப்பது எழுத்து. பத்து நிமிடம் வேண்டாம், இரண்டு நிமிடம் கூடை உட்கார்ந்திருந்தாலே வரிசை வாசல்வரை நிறைந்திருக்கும். அத்தான் வந்தபோது உள்ளே இடமே இருந்திருக்காது.

"கூடை எந்த விசை மேல இருந்துச்சு?" என்றேன். எல்லாரும் அத்தையைப் பார்த்தார்கள்.

இது முக்கியம். கூடை ஏதாவது ஓர் எழுத்தின் மேல் இருந்திருந்தால், அட்டவணையின் அடியில் குப்பையாக அந்த எழுத்து சேரும், அழித்துவிடலாம். எஸ்கேப் மேல் இருந்திருந்தால் எடிட்டர் எழுதுவதை விட்டுவிட்டு உத்தரவு கேட்கத் தொடங்கிவிடும், அப்புறம் கூடைக்கு வேறு மூலை எங்கே இடித்ததோ அதுவெல்லாம் உத்தரவாகிவிடும். எந்த விசையும் அமுங்காமல் சும்மா உட்கார்ந்திருந்தால், அத்தானின் பதினொன்றும் உள்ளே பத்திரமாக நிற்கிறது.

"எனக்கென்ன தெரியும்? வெச்சேன்," என்றார் அத்தை.

"மறுபடி வெச்சுக் காட்டுங்க."

அத்தானிடம் அதே கீபோர்டு இன்னொன்று, பெட்டி பிரிக்காமல், அவசரத் தேவைக்கு இருந்தது. அவசரம் இதுதான் என்று சொல்லி வாங்கி என் மடிக்கணினியில் மாட்டினேன். அத்தை கூடையைக் கொண்டுவந்தார். துணி அதேதானா என்று கேட்டேன். ஈரமான இரண்டு சட்டையைக் கொடியில் போட்டுவிட்டாராம். அதை எடுத்துவந்து மடித்து வைக்கச் சொன்னேன். எது மேலே, எது கீழே என்பதில் அத்தைக்கும் அத்தானுக்கும் வாக்குவாதம் வந்தது. "உன் பேன்ட்டு அடியிலதான்டா இருந்துச்சு, அதுதான் கனம்," என்று அத்தை முடித்துவைத்தார். பிளம்பர் போனில் நேரம் பார்த்துக்கொண்டார். மணி பதினொன்று இருபத்தைந்து.

அத்தை கூடையை வைத்தார். என் திரையில் ஒன்றுமே வரவில்லை. குனிந்து பார்த்தேன். கூடையின் ஒரு கால் எஸ்கேப் மேல் உட்கார்ந்திருந்தது.

அக்கா கண்ணை மூடிக்கொண்டாள்.

"இரு, இரு," என்றார் அத்தை. "இப்படி வெக்க மாட்டேன் நான். இந்தக் கூடையில ஒரு கைப்பிடி உடைஞ்சது. உடைஞ்ச பக்கத்தை எப்பவும் செவுத்துப் பக்கம்தான் வெப்பேன், யாராவது வந்தா தெரியக் கூடாதுன்னு." கூடையைத் தூக்கித் திருப்பி வைத்தார். என் திரையில் எம் என்ற எழுத்து ஓட ஆரம்பித்தது. ஒரு வரி, இரண்டு வரி, பத்து வரி, எல்லாம் எம்.

"ஆனா நிச்சயமா இப்படித்தான் வெச்சீங்களா?" என்று கேட்டேன். அத்தை, முப்பது வருடம் ஆயிரக்கணக்கான இணைப்பில் ஒன்றைக்கூட மாற்றிப் போட்டதில்லை என்று என்னை ஒரு பார்வை பார்த்தார். பார்வையை நம்பிப் பொத்தானை அமுக்க முடியுமா?

அதுவரை மூலையில் நின்ற அத்தான் முன்னால் வந்தார். சட்டைப் பையிலிருந்து கடையில் பயன்படுத்தும் உருப்பெருக்கிக் கண்ணாடியை எடுத்தார். பழைய கீபோர்டைத் தொடாமல், மூக்கு உரசாத குறையாக அதன் மேல் குனிந்து, ஒவ்வொரு விசையாகப் பார்த்துக்கொண்டே போனார். அவர் வேலை செய்து நான் முதல்முறையாகப் பார்த்தது அப்போதுதான்.

"எம் மேல நீலமா ஒரு கீறல் இருக்கு," என்றார். "கூடை நீலம்தான். வேற எதுலயும் இல்லை. எஸ்கேப் சுத்தமா இருக்கு."

நானும் வாங்கிப் பார்த்தேன். இருந்தது. நகக்கீற்று அளவுக்கு, நீலப் பிளாஸ்டிக்.

"ஒரே ஒரு கேள்வி அத்தான். கூடைக்கு முன்னாடி நீங்க ஒரு தடவைகூடத் தட்டலையே? பொய் சொன்னீங்கன்னா எல்லாம் போச்சு."

"கூடையை எடுத்துட்டுத்தான் தட்டினேன். சத்தியமா." கொஞ்சம் யோசித்தார். "என் கான்ஃபிக் ஃபைல் மேல சத்தியம்."

பதினொரு மாத அலங்காரமும் எழுதி வைத்திருக்கும் கோப்பு அது. அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். "அதுதான் இவருக்கு உசிரு. என் மேல சத்தியம் பண்ணியிருந்தாத்தான் நான் யோசிச்சிருப்பேன். நகரு, நானே அமுக்குறேன்."

"அக்கா, என் கணக்குத் தப்பா இருந்தா..."

"கணக்கு டீச்சர் நான்," என்றாள் அக்கா.

நாற்காலியில் உட்கார்ந்தாள். பிளம்பர் ஸ்பேனரை இடுப்பில் சொருகிக்கொண்டு கைகட்டி நின்றார். அத்தை என் தோளைப் பிடித்துக்கொண்டார், வலிக்கிற அளவுக்கு. அக்கா கன்ட்ரோலை ஒரு விரலால் அமுக்கி, க்யூவை இன்னொரு விரலால் அமுக்கினாள்.

அருவியின் மேல் சாம்பல் ஓடத் தொடங்கியது. ஒன்பது டி முடிந்தது. பத்து ஏ வந்தது, பத்து பி, சி, டி. வெள்ளிக்கிழமை எட்டாவது பீரியட். நாலு வெற்று வரி. அப்புறம் எம். எம், எம், எம் என்று திரை கொள்ளாமல் எம். நாங்கள் ஐந்து பேரும் எம்மைப் பார்த்தோம். அது நின்றது. பெட்டி மூடவில்லை. நான் எண்ணி முப்பது நொடி காத்திருந்தேன். மூடவில்லை. அத்தானின் பதினோரு உத்தரவும் போன இடம் தெரியவில்லை.

அத்தை என் தோளை விட்டார். "ம். லைன் கெடைச்சிடுச்சு," என்றார்.

நான் எட்டி, சேமிக்கும் உத்தரவைத் தட்டினேன். இன்னொரு நகல் எடுத்து அதையும் சேமித்தேன். என் போனில் ஒரு நகல், பென்டிரைவில் ஒரு நகல். அப்புறம்தான் எம்மையெல்லாம் அழித்தேன். பதினொன்று ஐம்பத்தாறுக்கு மெயில் போனது. அக்கா யாரையும் கட்டிப்பிடிக்கவில்லை. பிளம்பருக்குத் தண்ணீர் கொண்டுவரப் போய், குழாயில் தண்ணீர் இல்லையென்று திரும்பி வந்தாள்.

பன்னிரண்டு ஐந்துக்குத் தலைமையாசிரியையிடமிருந்து பதில் வந்தது. 'கிடைத்தது. நன்றாக இருக்கிறது, இதையே வைத்துக்கொள்வோம். கடைசியில் எம் என்று ஒருவர் தனியாக நிற்கிறார். யார் அவர்? அவருக்கு வகுப்பே கொடுக்கவில்லையே?'

ஒன்றை விட்டிருக்கிறேன். பிளம்பரின் நாலாவது வெற்று வரியில் ஒரே ஒரு எம் தப்பிப் பிழைத்திருந்தது. எல்லாரும் சிரித்தோம். அத்தான்கூடச் சிரித்தார், அக்கா முகத்தைப் பார்த்துக்கொண்டே. அந்தச் சந்தோஷத்தில்தான் நான் அட்டவணையை மேலிருந்து சாவகாசமாகப் படித்தேன். அவ்வளவு பாடுபட்டுக் காப்பாற்றினோம், அக்கா எட்டு சியிடமிருந்து எப்படித் தப்பித்தாள் என்று பார்க்க ஆசையாக இருந்தது.

எட்டு சி. கடைசி பீரியட். திங்கள், கணக்கு. செவ்வாய், கணக்கு. புதன், வியாழன், வெள்ளி. எல்லாம் அக்கா.

எனக்கு ஏறியது பாருங்கள் ஒரு கோபம். "பைத்தியமா உனக்கு? இதுக்கா இவ்வளவு அழுத? அந்த வாத்தியார் போட்டதேதானே இது?"

அக்கா பையிலிருந்த சீட்டுகளைக் கட்டிலில் கொட்டி, கைக்கு வந்ததை எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். "எல்லார்கிட்டயும் வெச்சுப் பாத்தேன்டி. ட்ராயிங் டீச்சர் புதுசு, ரெண்டே நாள்ல வேலையை விட்டுடும். மொழிப் பாடத்துக்காரருக்கு ஆபரேஷன் ஆகி மூணு மாசம்தான் ஆகுது. இயற்பியல் சார்கிட்ட குடுத்தா புள்ளைங்களை அடிப்பாரு. ஒவ்வொருத்தர் பேரையா அந்த இடத்துல வெச்சு எடுத்தேன். மூணு வாரம் அதுதான் பண்ணேன்."

"அப்ப என்னதான் மாறிச்சு?"

"ஒம்பது வருஷமும் அவரு போட்டாரு. நான் கிளாஸ் எடுத்தேன்," என்றாள் அக்கா. "இது நான் போட்டது."

சமையலறையில் பிளம்பர் வால்வைத் திறக்கிற சத்தம் கேட்டது. அத்தான் கணினி முன்னால் போய் உட்கார்ந்து, யாரும் சொல்லாமலேயே தன் கான்ஃபிக் ஃபைலைத் திறந்து ஒரு வரியை மாற்றினார். கர்சர் மினுக்கத் தொடங்கியது.